மரக்கிளையில் தொங்கிய கட்டுச்சோறு



பால், நெய் சேராத உணவோடு மலையேறுவது எப்படி என்று இப்போது பிள்ளைகள் தேடுகிறார்கள். நம் தஞ்சைச் சீமைக்கு இது புதிதல்ல. புளியும் நல்லெண்ணெயும் சோற்றை மறுநாள் வரை கெடாமல் காக்கும். அதனால்தான் வழிநடைக்குப் புளியோதரை. அவலும் வெல்லமும் இருந்தால் அடுப்பே வேண்டாம்.

இந்தக் கட்டுச்சோற்றுக்கே ஒருமுறை தடை வந்தது. 1930 ஏப்ரல் 13 அன்று, ராஜாஜி தலைமையில் ஏறக்குறைய நூறு தொண்டர்கள் உப்பெடுக்கத் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடக்கத் தொடங்கினார்கள். சுமார் 240 கிலோமீட்டர். வழியெல்லாம் நெல் விளையும் பூமி. ஆனால் அவர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுத்தால் சிறை என்று தஞ்சை கலெக்டர் தார்ன் எச்சரித்தார்.

நம் மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள். ஆற்று மணலில் சோற்றுப் பாத்திரங்களைப் புதைத்து வைத்தார்கள். கொடுத்தவர் யாரென்று தெரிந்தால்தானே பிடிக்க முடியும்! கும்பகோணத்தில் பந்துலு ஐயரோ வெளிப்படையாகவே உபசரித்தார், சிறைக்கும் போனார்.

ஏப்ரல் 28-இல் படை வேதாரண்யம் சேர்ந்தது. 30-ஆம் தேதி ராஜாஜி கைதானார்.

உப்புச் சட்டத்தை மீறக் கடற்கரை வரை நடக்க வேண்டியிருந்தது. சோற்றுத் தடையை மீற வீட்டு அடுப்பே போதும். வாசல்படி தாண்டாத பெண்களும் உலை வைத்தே அந்தப் போராட்டத்தில் சேர்ந்துவிட்டார்கள் என்பதே என் எண்ணம்.

அந்த வழியில் உள்ள ஊர்க்காரர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இதைப் பற்றி ஏதும் சொல்லியிருந்தால் கீழே எழுதுங்கள்.