கோகோவும் குடிபெயர்ந்த உழவரும்

மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள கானா நாடு 1957 மார்ச் 6-ஆம் நாள் விடுதலை பெற்றது. ஆங்கிலேயர் ஆட்சியில் அதற்குக் கோல்டு கோஸ்ட், அதாவது பொற்கரை, என்று பெயர். பெயர் பொன்னைச் சொன்னாலும், இருபதாம் நூற்றாண்டில் அந்நாட்டின் கருவூலத்தைப் பெரிதும் நிரப்பியது கோகோ. சாக்லேட்டுக்கு மூலப்பொருள் இந்தக் கோகோக் கொட்டைதான்.

தெட்டே குவார்ஷி என்னும் தொழிலாளி பெர்னாண்டோ போ தீவிலிருந்து விதை கொணர்ந்து, 1879-இல் அக்குவாப்பிம் மலைத்தொடரைச் சேர்ந்த மம்போங் என்னும் ஊரில் நட்டார் என்பர். 1891-இல் ஏற்றுமதியான கோகோ வெறும் 80 ராத்தல். இருபது ஆண்டுகள் கழித்து, 1911-இல், அது ஏறத்தாழ 40,000 டன்னாக உயர்ந்தது; உலகிலேயே மிகுதியாகக் கோகோ விளைவிக்கும் நாடு என்ற சிறப்பையும் பெற்றுத் தந்தது. அயல்நாட்டுப் பெருந்தோட்டக் கம்பெனிகளுக்கு இதில் பங்கு மிகக் குறைவு. உள்நாட்டு உழவர்களே இதனைச் செய்து முடித்தனர்.

அந்த உழவர்கள் யார்? அதிகாரிகளும் பொருளியல் அறிஞர்களும் ஒரே விடையை நெடுங்காலம் சொல்லி வந்தனர்: சொந்த ஊரில் இரண்டொரு ஏக்கர் நிலம் உடையவன், கிழங்கும் வாழையும் பயிரிட்டுக்கொண்டே, கிடைத்த ஓய்வில் சில கோகோ மரங்களையும் வளர்த்தான் என்பது அவ்விடை. பாலி ஹில் என்னும் ஆங்கிலேய அம்மையாரும் முதலில் இவ்வாறே எண்ணினார். இவர் பொருளியல் மேதை கெயின்ஸின் சகோதரி மகள். 1954 முதல் அந்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்தவர். 1956-இல் அவர் எழுதிய நூலில் அந்தப் பழைய கருத்தே இருக்கிறது. பின்னர் ஊர் ஊராகச் சென்று முதியோர்களை விசாரித்தார். விவசாய இலாகாவின் தோட்டப் படங்களையும் ஆராய்ந்தார். 1963-இல் வெளிவந்த தமது அடுத்த நூலில், முன்பு தாம் கொண்டிருந்த கருத்து தவறு என்று அவரே காட்டினார். இந்த நேர்மை ஆராய்ச்சி உலகில் அடிக்கடி காணக்கிடைப்பதன்று.

அவர் கண்டது இது. அந்த உழவர்களிற் பெரும்பாலோர் குடிபெயர்ந்து சென்றவர்கள். மலைத்தொடரில் நிலம் போதாமையால், 1890-களிலிருந்து டென்சு ஆற்றைக் கடந்து, மேற்கே அக்கிம் அபுவாக்வாக் காடுகளை அவ்வூர்த் தலைவர்களிடம் விலைக்கு வாங்கினர். பனை எண்ணெயும் காட்டு ரப்பரும் விற்றுச் சேர்த்த பணமே அதற்கு முதல். தந்தைவழிச் சொத்துரிமை உடையோர், உறவினரல்லாதாரும் சேர்ந்த ‘கம்பெனி’ ஒன்றை அமைத்து நிலம் வாங்கி, அவரவர் செலுத்திய பணத்துக்கு ஏற்பக் கயிற்றால் அகலம் அளந்து, நீண்ட பட்டைகளாகப் பிரித்துக்கொண்டனர். நாஞ்சில் நாட்டில் முன்பு வழங்கிய மருமக்கள் வழியைப் போன்ற தாய்வழி உரிமை அக்ரோபோங், அபுரி முதலிய ஊர்களில் இருந்தது. அவ்வூரார் குடும்பத்துக்கென நிலம் வாங்கி, உறவினர்க்குத் துண்டு துண்டாகக் கொடுத்தனர். ஆகவே படத்தைப் பார்த்த அளவிலேயே, பட்டை நிலம் யாருடையது, துண்டு நிலம் யாருடையது என்று அறிய முடிந்தது!

கோகோ மரம் காய்க்கச் சில ஆண்டுகள் செல்லும். அதுவரை பொறுத்திருந்து, வந்த வருவாயில் மேலும் நிலம் வாங்கினர். தம் செலவிலேயே பாதையும் பாலமும் அமைத்தனர். ஆயினும் வாங்கிய நிலம் இருந்த இடத்தை அவர்கள் தம் ஊர் என்று கொள்ளவில்லை. மலைமேல் உள்ள பிறந்த ஊரிலேயே நல்ல வீடு கட்டினர். வெளியூரில் உழைத்து வாழ்வோர்க்கு இதன் காரணத்தை விளக்க வேண்டுவதில்லை.

சர்க்காரின் கொள்கை வகுத்தோர்க்கு இவ்வுழவரைப் பற்றிய தெளிவு இல்லை. டாஃபோ என்னும் ஊரில் கோகோ ஆராய்ச்சி நிலையம் இருந்தது. மரத்தை ஆராய்ந்த அளவு மரத்தை நட்டவனை எவரும் ஆராயவில்லை. தண்டு வீக்க நோய் பரவியபோது, நோயுற்ற மரங்களை வெட்டுவதே மருந்து என்று நிலையத்தார் கூறினர். அறிவியல் நோக்கில் அது சரியே. ஆனால் முதல் போட்டு நிலம் வாங்கியவனுக்கு ஒவ்வொரு மரமும் சொத்து. கட்டாயமாக வெட்டியதால் எழுந்த கசப்பு 1948-ஆம் ஆண்டுக் கலகங்களுக்கு ஒரு காரணமாயிற்று.

1947-இல் கோகோ விற்பனை வாரியம் ஏற்பட்டது. 1954-இல், 60 ராத்தல் சுமைக்கு 72 ஷில்லிங் என்று சட்டம் விலை வகுத்தது. இது டன்னுக்குச் சுமார் 134 பவுன். உலகச் சந்தையிலோ அவ்வாண்டில் டன் 400 பவுனுக்கு மேல் விற்றது. எஞ்சிய பணம் நாட்டின் அபிவிருத்திக்கு என்றனர். பள்ளிகளும் சாலைகளும் எழுந்தன என்பதை மறுத்தல் ஆகாது. எனினும் அவ்வாண்டு செப்டம்பரிலேயே குமாசி நகரில் எதிர்ப்பு இயக்கம் தோன்றிவிட்டது.

உணவு விளைச்சலைப் பெருக்குவதே முதற் கடமை, ஆலைத் தொழில் அதன் பின்னரே என்று ஆர்தர் லூயிஸ் 1953-ஆம் ஆண்டு அறிக்கையில் எழுதினார். விடுதலைக்குப் பின் பிரதமர் இன்க்ரூமாவுக்கு ஆலோசகராக வந்த லூயிஸ், கருத்து வேறுபாட்டால் 1958 முடிவில் விலகினார். 1979-இல் நோபல் பரிசு பெற்றவர் அவரே. 1964-இல் தொடங்கிய ஏழாண்டுத் திட்டம் கோகோ வருவாயைப் பெரிதும் நம்பியது. 1965-இல் உலக விலை சரிந்தது. 1966 பிப்ரவரியில் இன்க்ரூமாவின் ஆட்சி கவிழ்ந்தது.

1969 நவம்பரில் அப்போதைய அரசு, உரிய அனுமதிச் சீட்டில்லாத அயல்நாட்டார் இரண்டு வாரத்தில் வெளியேற வேண்டும் என ஆணையிட்டது. வடக்கிலிருந்து வந்து கோகோத் தோட்டங்களில் கூலிக்கும், விளைவில் மூன்றில் ஒரு பங்கு பெறும் ‘அபுசா’ முறையிலும் உழைத்தவர்கள் பலர் அவர்களுள் இருந்தனர். தோட்டங்களில் களை எடுக்க ஆள் இல்லாமற் போயிற்று. பின்னர் உள்நாட்டு நாணயத்தின் மதிப்பு வீழ, வாரியம் தந்த விலை ஒன்றுக்கும் உதவாததாயிற்று. மூட்டைகள் இரவில் எல்லை கடந்து ஐவரி கோஸ்டுக்கும் டோகோவுக்கும் சென்றன. 1964-65-இல் சுமார் 5½ லட்சம் டன்னாக இருந்த விளைச்சல், 1983-84-இல் 1.6 லட்சம் டன் அளவுக்குத் தாழ்ந்தது. அவ்வாண்டு வறட்சியும் காட்டுத்தீயும் சேர்ந்துகொண்டன. 1983-க்குப் பின் விலையை உயர்த்திய பிறகே உழவர் மீண்டும் மரம் நட்டனர். 2010-11-இல் விளைச்சல் 10 லட்சம் டன்னைக் கடந்தது.

பாலி ஹில் பிற்காலத்தில் நம் நாட்டுக்கும் வந்தார். பெங்களூர்ப் பக்கத்துச் சிற்றூர்களில் ஒவ்வொரு வீட்டின் நிலத்தையும் கடனையும் கேட்டு எழுதினார். ஆப்பிரிக்காவில் ஹௌசா மக்களிடையே தாம் கண்டவற்றோடு அவற்றை ஒப்பிட்டு 1982-இல் ஒரு நூல் வெளியிட்டார். அங்கும் அவர் முதலில் விசாரித்தது, யார் நிலத்தை யார் உழுகிறார்கள் என்பதையே.