எண்ணப்பட்டவர்கள் எழுதியது

ரஷ்ய இலக்கியத்தில் என்ன படிக்கலாம் தோழர் என்று யாராவது கேட்டால் நானும் அந்த ஐந்து பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். டால்ஸ்டாய், தாஸ்தாயெவ்ஸ்கி, துர்கனேவ், செகாவ், கார்க்கி. மாஸ்கோவிலிருந்து முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் அச்சிட்டு, என்.சி.பி.எச். மூலம் மலிவு விலைக்கு வந்த கெட்டி அட்டைப் புத்தகங்கள்தான் நம்மில் பலருக்கு முதல் நூலகம். 1991இல் சோவியத் யூனியன் கலைந்தது, அந்த வரத்தும் நின்றுபோனது. அந்தப் புத்தகங்களுக்கு நாம் பட்ட கடன் பெரிசு. அதை மறக்காமலே ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. பண்ணையடிமையைப் பற்றி எழுதியவர்களைப் படித்தோம், சரி. பண்ணையடிமையாகப் பிறந்து எழுதியவன் யார்?

ரஷ்யாவில் பண்ணையடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1861இல். அதுவரைக்கும் ஒரு பிரபுவின் சொத்தை 'ஆன்மா' கணக்கில்தான் சொல்லுவார்கள். இத்தனை ஆன்மா வைத்திருக்கிறார் என்றால் இத்தனை ஆண் அடிமைகள் என்று அர்த்தம். விற்கலாம், அடகு வைக்கலாம், பட்டாளத்துக்குப் பிடித்துக் கொடுக்கலாம். துர்கனேவின் தாயாரே ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஆண்டை. அந்த வீட்டில் வளர்ந்தவர் 1852இல் 'வேட்டைக்காரனின் குறிப்புகள்' வெளியிட்டதைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் அது வேட்டைக்குப் போனவன் பார்த்த கிராமம். அங்கேயே கிடந்தவன் பார்த்தது வேறு.

முதலில் அலெக்சாந்தர் நிகிதென்கோ. 1804இல், பெரும்பணக்காரப் பிரபு ஷெரெமேத்யெவின் பண்ணையில் பிறந்தவர். தகப்பன் எழுதப்படிக்கத் தெரிந்த அடிமை. பண்ணைக் கணக்கு எழுதியவர். ஊரில் செல்வாக்கானவர்களை எதிர்த்துக்கொண்டு குடும்பத்தோடு விரட்டப்பட்டவர். பையன் கெட்டிக்காரன். ஆனால் அடிமைப் பிள்ளைக்கு மேல்நிலைப் பள்ளியில் இடமில்லை என்று கதவை மூடினார்கள். 1824இல் ஒரு சபையில் அவர் பேசிய பேச்சு பெரிய இடத்துக் காதில் விழுந்தது. விடுதலைப் பத்திரம் கொடுக்கப் பிரபு லேசில் மசியவில்லை. பலர் அழுத்தம் கொடுத்துத்தான் வாங்கினார்கள். அப்படிப் பாடுபட்டவர்களில் ஒருவர் கவிஞர் ரிலேயெவ். ஜாருக்கு எதிரான கிளர்ச்சிக்காக 1826இல் தூக்கில் போடப்பட்டவர்.

நிகிதென்கோ படித்துப் பேராசிரியர் ஆனார், அரசாங்கத்தின் தணிக்கை அதிகாரியும் ஆனார். 1842இல் கோகலின் 'இறந்த ஆன்மாக்கள்' பீட்டர்ஸ்பர்கில் இவர் மேசைக்குத்தான் வந்தது. செத்துப்போன அடிமைகளைக் காகிதத்தில் விலைக்கு வாங்கித் திரிகிறவனின் கதை. எழுதியவர் நிலவுடைமைக் குடும்பத்துக்காரர். அனுமதிக்கலாமா வேண்டாமா என்று தீர்மானிக்க உட்கார்ந்தவரோ ஒரு காலத்தில் அந்த ஆன்மாக் கணக்கில் கிடந்தவர். அனுமதித்தார். ஆனால் தலைப்பின் முன்னால் 'சிச்சிக்கோவின் சாகசங்கள்' என்று சேர்க்க வைத்தார்கள். போரில் ஊனமாகி, உதவி கேட்டு அதிகாரிகளின் வாசலில் நிற்கிற கப்பேய்க்கின் கதையை மாற்றி எழுத வேண்டியதாயிற்று.

இதில் என்னைத் தூங்கவிடாத விஷயம் வேறொன்று. அவர் பேராசிரியராகி, தணிக்கையாளராகி, ஊர் மதிக்கிற மனிதரான பிறகும் அவருடைய தாயும் தம்பியும் அதே பிரபுவின் அடிமைகள். அவர்களை மீட்க 1841 வரை ஆயிற்று. சட்டை மாறிவிட்டது, பெயருக்கு முன்னால் பட்டம் வந்துவிட்டது, பெற்றவள் இன்னும் அவன் பண்ணையில்! அவர் வீரர் இல்லை. உள்ளே இருந்துகொண்டு, பயந்துகொண்டு, முடிந்ததைச் செய்தவர். சிலதை அனுமதித்த குற்றத்துக்குக் காவலிலும் இருந்தவர். 1834இல் எட்டு நாள். இரவானால் நாட்குறிப்பில் எல்லாவற்றையும் எழுதி வைத்தார். அவர் செத்த பிறகுதான் அது அச்சேறியது. அரசாங்க வேலைக்குப் போன நம் முதல் தலைமுறை அண்ணன்கள் அதைப் படித்தால் பல பக்கங்களில் நின்றுவிடுவார்கள்.

இரண்டாவது, தாராஸ் ஷெவ்சென்கோ. இவரை ரஷ்ய எழுத்தாளர் என்று சொன்னால் அவருக்குச் செய்யும் அநீதி. உக்ரைனியக் கவி. ஆனால் நாட்குறிப்பையும் பல கதைகளையும் ரஷ்ய மொழியில் எழுதினார் என்பதால் இங்கே சொல்கிறேன். 1814இல் அடிமையாகப் பிறந்தவர். 1838இல் ஓவியர் பிரியுல்லோவின் படம் ஒன்றைக் குலுக்கலில் விட்டு, அந்தப் பணம் 2,500 ரூபிளைக் கொடுத்து இவரை மீட்டார்கள். 1847இல் கைதாகி, எழுதவும் வரையவும் கூடாது என்ற ஜாரின் கட்டளையோடு சிப்பாயாக நாடு கடத்தப்பட்டார். பத்து வருஷம். 1861இல் விடுதலை ஆணையில் ஜார் கையெழுத்துப் போட்டாயிற்று, ஊருக்கு இன்னும் அறிவிக்கவில்லை. அந்த இடைவெளியில் செத்துப்போனார்.

மூன்றாவது, பியோதர் ரெஷெத்னிகோவ். யூரல் பக்கத்துக்காரர், தபால் ஊழியர் வீட்டில் வளர்ந்தவர். 1864இல் 'பத்லீப்னயா கிராமத்தார்' என்ற நாவல் எழுதினார். பட்டினி தாங்காமல் ஊரைவிட்டு, காமா நதியில் படகிழுக்கப் போகிற கோமி-பெர்மியக் மக்கள். கயிறு அறுந்து இரண்டு பேர் சாகிறார்கள். அழகான ஏழைகள் இதில் கிடையாது. பசி மனுஷனை எப்படியெல்லாம் ஆக்கும் என்பதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். 1871இல் முப்பது வயது முடியும் முன்பே போய்விட்டார்.

நான்காவது, ஆந்த்ரேய் பிளாட்டனோவ். 1899இல் வரோனெஷில் ரயில்வே தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். சிறுவயதிலேயே வேலைக்குப் போனவர். 1921 வறட்சியைக் கண்டபின் பேனாவை வைத்துவிட்டுக் கிணறு வெட்டவும் நிலம் திருத்தவும் போனவர். 1930இல் எழுதிய 'அஸ்திவாரக் குழி'யில் பாட்டாளிகளுக்கென்று ஒரு பெரிய வீடு கட்டக் குழி தோண்டுகிறார்கள். குழி வளர்கிறது, வீடு வரவில்லை. கடைசியில் ஒரு சின்னப் பெண்ணை அங்கே புதைக்கிறார்கள். சோவியத் நாட்டில் அது அச்சேறியது 1987இல். தொழிலாளியின் மகன் எழுதியதைத் தொழிலாளர் அரசாங்கம் அரை நூற்றாண்டுக்கு மேல் பூட்டி வைத்தது. 15 வயது மகனைப் பிடித்துப் போனார்கள். காசநோயோடு திரும்பிய பிள்ளைக்குப் பணிவிடை செய்து, அதே நோயில் 1951இல் இவரும் செத்தார். நம் கைக்கு வந்த பட்டியலை யார் வடிகட்டி அனுப்பினார்கள் என்பதும் இதிலிருந்து தெரிகிறது.

அடிமை முறையையும் சாதியையும் ஒன்றாக்கிப் பேச நான் தயாரில்லை. அங்கே ஆண்டை ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் ஒருத்தன் சட்டப்படி அடிமை இல்லை. இங்கே அப்படி ஒரு காகிதம் யார் கையிலும் கிடையாது. இந்த வித்தியாசத்தை மனசில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

நிகிதென்கோவின் இளமைக்கால நினைவுகள் 2001இல் ஆங்கிலத்தில் வந்துவிட்டன. பிளாட்டனோவும் ஷெவ்சென்கோவும் ஆங்கிலத்தில் கிடைக்கிறார்கள். ஆங்கிலம் தெரிந்த தோழர்கள் ஆளுக்கு ஓர் அத்தியாயம் எடுத்துத் தமிழில் கொண்டுவந்தால், டீக்கடையில் அடுத்த முறை கேட்கிற தம்பிக்கு நான் வேறு பெயர்களைச் சொல்ல முடியும்.