ஆறுதல் பெண்கள்: முதுமையில் வெளிவந்த போர்க்கால மனக்காயம்

இரண்டாம் உலகப் போர் முடியும்வரை ஜப்பானியப் படையினருக்குப் பாலியல் அடிமைகளாக்கப்பட்ட பெண்கள் 'ஆறுதல் பெண்கள்' எனப்பட்டனர். கொடுமையை மறைக்கப் படையினர் இட்ட பெயர் இது. 1932இல் ஷாங்காயில் தொடங்கிய இம்முகாம்கள் பின்னர் ஜப்பான் கைப்பற்றிய நாடுகளெங்கும் பரவின. கொரியா, சீனா, தைவான், பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா முதலிய நாடுகளின் பெண்கள் ஏமாற்றியும் கடத்தியும் கொண்டுசெல்லப்பட்டனர். இவர்களின் எண்ணிக்கையை வரலாற்றாசிரியர்கள் 20,000 முதல் 2,00,000 வரை பலவாறாக மதிப்பிடுகின்றனர்.

உயிர் பிழைத்து, பின்னாளில் பொதுவெளியில் பேசியவர்களில் பெரும்பாலோர் அறுபது வயதைக் கடந்த பிறகே வாய் திறந்தனர். ஆகவே இவர்களின் வரலாறு, இளமையில் பட்ட மனக்காயம் முதுமையில் என்னவாகிறது என்பதையும் சொல்லும் வரலாறாகும்.

அரை நூற்றாண்டு மௌனம்

1945இல் போர் முடிந்தது. ஊர் திரும்பிய பெண்களுக்கு வரவேற்பு இருக்கவில்லை. கற்பைக் குடும்ப மானமாகக் கருதிய கொரியச் சமூகத்தில், நடந்ததைச் சொன்னால் பழி தங்கள்மீதே விழும் என்று அஞ்சினர். பலர் திருமணம் செய்துகொள்ளவில்லை. சிலருக்கு நோயாலும் உடற்சேதத்தாலும் குழந்தைப்பேறு இல்லாமற்போனது. 1950இல் மூண்ட கொரியப் போரும் அதையொட்டிய வறுமையும் பழைய துயரைப் பேச இடம் தரவில்லை.

சொல்லாமல் விட்டதால் காயம் ஆறிவிடவில்லை. ஜான் ரஃப் ஓஹெர்ன் என்ற டச்சுப் பெண் 1944இல் ஜாவா தீவில் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர். அங்கே பெண்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பூவின் பெயரை ஜப்பானிய மொழியில் சூட்டினார்கள். பின்னர் ஆஸ்திரேலியாவில் குடும்பத்தோடு வாழ்ந்த அவர், பூக்களைப் பரிசாகப் பெறுவதை விரும்பியதில்லை. காரணம் மகள்களுக்குத் தெரிந்தது 1992இல்தான்.

நோய்க்குப் பெயர் கிடைத்தல்

'பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோய்' அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேட்டில் 1980இல்தான் இடம்பெற்றது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய படைவீரர்களின் நிலை அதற்கு முக்கியத் தூண்டுதலாக இருந்தது. கெட்ட கனவுகள், திடுக்கிடுதல், பழைய நிகழ்ச்சி கண்முன் மீண்டும் நடப்பதுபோல் தோன்றுதல், நினைவூட்டும் எதையும் தவிர்த்தல் ஆகியவை இதன் அறிகுறிகள். படைவீரர்களை முன்வைத்து இந்நோய் பெயர் பெற்றபோது, படைவீரர்களால் சிதைக்கப்பட்ட பெண்கள் 35 ஆண்டுகளாக அதே வேதனையுடன் வாழ்ந்துகொண்டிருந்தனர்.

கொரியர்களிடம் இதற்கு நெருங்கிய வேறொரு சொல்லும் உண்டு. அது 'ஹ்வாப்யோங்', அதாவது 'தீ நோய்'. அடக்கி வைத்த கோபமும் துயரமும் நெஞ்சடைப்பாகவும், உடற்சூடாகவும், மார்பில் ஏதோ கட்டியாக அடைப்பது போன்ற உணர்வாகவும் வெளிப்படும் நிலை இது. நடுவயதுப் பெண்களிடமும் மூத்த பெண்களிடமும் இது மிகுதியாகக் காணப்பட்டது.

முதுமை ஏன் சுமையைக் கூட்டுகிறது?

வேலை, பிள்ளை வளர்ப்பு, அன்றாடப் பிழைப்பு ஆகியவை நினைவுகளை ஓரளவு அமுக்கி வைக்கும். முதுமையில் அவை ஒவ்வொன்றாக விலகுகின்றன. துணைவரின் மரணம், தனிமை, பிறரைச் சார்ந்திருக்கும் நிலை ஆகியவை பழைய உதவியற்ற நிலையை நினைவூட்டுகின்றன. மூத்தோரின் மனச்சோர்வு பலவேளைகளில் அழுகையாக வருவதில்லை. தூக்கமின்மை, உடல்வலி, பசியின்மை என வருகிறது. அதனால் 'வயதானால் இப்படித்தான்' என்று ஒதுக்கப்படுகிறது. தப்பிப் பிழைத்த கொரியப் பெண்களிடம் உளமருத்துவர்கள் நடத்திய ஆய்வுகள், 60 ஆண்டுகளுக்குப் பிறகும் அறிகுறிகள் நீடித்ததைக் காட்டின.

பேச்சும் ஓவியமும்

கணவரையும் பிள்ளைகளையும் இழந்து தனியாக வாழ்ந்த கிம் ஹக்-சுன், 1991 ஆகஸ்ட் 14 அன்று சியோலில் தம் பெயரையும் முகத்தையும் மறைக்காமல் சாட்சியமளித்தார். அவரைக் கண்டு மற்றவர்களும் முன்வந்தனர். காலப்போக்கில் தென்கொரிய அரசிடம் 240 பெண்கள் பதிவு செய்தனர். 1992 ஜனவரி 8 முதல் ஜப்பானியத் தூதரகத்தின் முன் புதன்கிழமைதோறும் போராட்டம் நடந்தது. மக்கள் அவர்களை 'ஹல்மோனி', அதாவது பாட்டி என்று அழைத்தார்கள். ஒளிந்து வாழ்ந்தவர்களுக்கு உறவுப்பெயர் கிடைத்தது.

1992இல் தொடங்கப்பட்ட 'பகிர்தல் இல்லம்' சிலருக்கு ஒன்றாக வாழும் இடமானது. அங்கே அவர்களுக்கு ஓவியம் கற்பிக்கப்பட்டது. வாயால் சொல்ல முடியாததைக் காங் டொக்-கியோங், கிம் சுன்-டொக் போன்றோர் வண்ணத்தில் தீட்டினர். கிம் சுன்-டொக் வரைந்த 'மலராத மலர்' இன்றும் பரவலாக அறியப்படுகிறது.

பணமும் மன்னிப்பும்

1993இல் ஜப்பானிய அரசு கோனோ அறிக்கையின் மூலம் படையின் தொடர்பை ஒப்புக்கொண்டது. 1995இல் ஒரு நிதியம் அமைக்கப்பட்டது. அதன் ஈட்டுத்தொகை பொதுமக்களின் நன்கொடையிலிருந்து வந்தது. இது அரசு சட்டப்படி தரும் இழப்பீடு அன்று என்பதால் வறுமையிலும் பல கொரியப் பெண்கள் அதை மறுத்தனர். அவர்கள் கேட்டது, குற்றம் யாருடையது என்ற தெளிவான ஒப்புதல். பழியை ஆயுள் முழுவதும் தாமே சுமந்தவர்களுக்கு, அது உரியவரிடம் போய்ச் சேர்வதும் ஆறுதலின் பகுதியாகவே இருந்தது.

கிம் ஹக்-சுன் 1997இல் காலமானார். அவர் பேசிய ஆகஸ்ட் 14 ஆம் நாளைத் தென்கொரியா 2018 முதல் அதிகாரபூர்வ நினைவு நாளாகக் கடைப்பிடிக்கிறது. பதிவு செய்த 240 பேரில் மிகச் சிலரே இன்று உயிருடன் உள்ளனர்.