காத்துப் போன முக்கோணம்

பஞ்சர் ஒட்டுறதை யாரும் வரலாறாக எழுதுறதில்லை. எங்கட சொறிக்கல்முனையில் இருந்து கிட்டங்கி தாண்டி கல்முனைக்குச் சைக்கிள் மிதித்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். அதனால நாங்கள் எழுதுறோம்.

1876 இல் ஹென்றி விக்ஹம் பிரேசிலில் சேர்த்த இறப்பர் விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. கன்றுகள் கப்பலேறி கம்பஹாவுக்குப் பக்கத்து ஹெனரத்கொடைக்கு வந்தன. 1888 இல் பெல்ஃபாஸ்டில் ஜோன் பாய்ட் டன்லப் என்ற மிருக வைத்தியர் மகனின் முச்சில்லு சைக்கிளுக்குக் காத்தடித்த டயர் பூட்டினார். காத்தோட சேர்ந்து ஓட்டையும் வந்தது. சோப்புத் தண்ணி, உப்புத்தாள், சொலூஷன், ஒட்டுத் துண்டு: இந்த அறிவு அப்படித்தான் தெருவுக்கு வந்தது.

அதே ஓட்டை ரோபோக்களிடமும் போனது. டீன் கேமன் 1989 இல் தொடங்கிய 'ஃபர்ஸ்ட்' அமைப்பு 1992 முதல் மாணவர்களுக்கு ரோபோப் போட்டி நடத்துது. 1997 இலும் 2007 இலும் ரோபோக்கள் காத்தடித்த வளையங்களைத் தூக்கி மாட்டின. 2011 இல் சிவப்பு முக்கோணம், வெள்ளை வட்டம், நீலச் சதுரம். மூன்றையும் வரிசையாக மாட்டினால் அமைப்பின் சின்னம். 2023 இல் ஊதாக் கனசதுரம். ரோபோவின் கூர் விளிம்பு காய்களைக் கிழிக்கக் கூடாதென்று விதி இருக்கு. ஆனாலும் பயிற்சியில் கிழியும்.

இங்கதான் நாங்கள் வழமையாகப் பிழை விடுவம். சைக்கிள் சொலூஷனை எடுத்துப் பூசுவம். ஒட்டும், ரெண்டு நாளில் உரிஞ்சிடும். சொலூஷன் இறப்பருக்கானது. இந்தக் காய்களோ பிவிசி பிளாஸ்டிக். உப்புத்தாள் போடாமல் ஸ்பிரிட்டால துடைத்து, காத்தை முழுசாக இறக்கி, பிவிசிக்கான பசையைப் பூசி, அதே பிவிசியில் வெட்டிய வட்டத் துண்டை வைத்து, பாரமேற்றி ஒரு நாள் விடவேணும். மூலை வைத்து வெட்டினால் மூலையிலதான் கிளம்பும். ஓட்டை தேட மட்டும் பழைய சோப்புத் தண்ணியே போதும்.

இதில என்ன பெரிய வரலாறு என்று கேட்பீங்கள். காசுள்ள அணி கிழிந்ததை எறிந்துவிட்டுப் புதுசு வாங்கும். இல்லாத அணி ஒட்டத் தெரிந்தால்தான் நாளைக்கும் பழகும். காத்துக் குறைந்த காயில் பழகிய ரோபோக் கை, போட்டியில் இறுகின காயைத் தவறவிடும். ஒரு ஒட்டுத் துண்டு சரியாகப் பிடிக்குதா என்பதில் ஒரு அணியின் பயிற்சியே தங்கியிருக்கு.

எங்கட பிள்ளைகளும் ஒருநாள் அந்த மேடையில் ஏறுவாங்கள். அதுக்கு முதல் ஒருதரம் சைக்கிள் கடை வாங்கில் குந்தி, வேலை செய்யிற கையைப் பார்க்கட்டும். பசை வேற. பொறுமை அதேதான்.