சீட்டும் காலணியும்: டைட்டானிக் கண்காட்சியில் சிறு பிள்ளைகள்

கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் உள்ள அட்லாண்டிக் கடல்சார் அருங்காட்சியகத்தில், கண்ணாடிப் பேழைக்குள் ஒரு ஜோடி பழுப்புத் தோல் காலணி இருக்கிறது. நடை பழகி முடித்த பிள்ளையின் காலுக்கு உரியது. டைட்டானிக் மூழ்கி ஆறு நாள் கழித்து, 1912 ஏப்ரல் 21 அன்று, மக்கே-பென்னட் என்னும் கப்பல் கடலிலிருந்து எடுத்த நான்காவது உடல் ஓர் ஆண் குழந்தையுடையது. கடலடியில் தந்திக் கம்பி போடும் கப்பல் அது. உடல் தேடுவதற்காக வாடகைக்கு அமர்த்தப்பட்டது. குழந்தையைக் கேட்டு யாரும் வரவில்லை. கப்பலின் ஊழியர்களே அடக்கத்துக்கு நின்று, கல்லறைக் கல்லுக்கும் தங்கள் கைக்காசைப் போட்டார்கள். இறந்தவர்களின் துணிமணிகளை நினைவுப்பொருளாக விற்க ஆள் அலையும் என்பதால் அவற்றை எரித்துவிட உத்தரவு. கிளாரன்ஸ் நார்த்தோவர் என்ற காவலருக்கு இந்தக் காலணியை மட்டும் தீயில் போட மனம் வரவில்லை. மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். 2002இல் அவருடைய பேரன் அதை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்.

இனி இன்னொரு பொருள். உலகெங்கும் சுற்றிவரும் டைட்டானிக் கண்காட்சிகளிலும், அமெரிக்காவில் கப்பல் வடிவிலேயே கட்டப்பட்டிருக்கும் நிரந்தரக் காட்சிக்கூடங்களிலும், நுழையும்போது கையில் ஓர் அட்டை தருகிறார்கள். அந்தக் காலத்துப் பயணச்சீட்டின் மாதிரி. அதில் உண்மையாகவே கப்பலில் பயணம் செய்த ஒருவரின் பெயர், எந்த வகுப்பு, எதற்காகப் புறப்பட்டார் என்ற விவரம் அச்சிட்டிருக்கும். கண்காட்சி முடியும் வரை நீங்கள் அவர்தான். கடைசி அறையின் சுவரில் பிழைத்தவர், இறந்தவர் பட்டியல். அங்கே போய் உங்கள் கதி என்ன என்று பார்த்துக்கொள்ளலாம்.

சிறு பிள்ளைகளை இப்படிப்பட்ட கண்காட்சிக்கு அழைத்துப் போகலாமா என்ற விவாதம் பெரும்பாலும் சாவைப் பிள்ளைக்குக் காட்டலாமா கூடாதா என்பதிலேயே நின்றுவிடுகிறது. என் பார்வையில் அது இடம் மாறிய கேள்வி. பிள்ளையிடம் மறைக்க வேண்டியது சாவை அன்று. சாவில் பங்கேற்பதுபோல ஒரு பொய்யான வேடத்தை அதன் தலையில் ஏற்றாமல் இருப்பதே நம் கடமை. காலணியைக் காட்டலாம், சீட்டைக் கொடுக்கக் கூடாது. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

பிள்ளைகள் சாவை எப்படி விளங்கிக்கொள்கிறார்கள் என்பது பற்றிய ஆய்வு புதியதல்ல. மரியா நாஜ் ஹங்கேரியில் 3 முதல் 10 வயது வரையுள்ள 378 பிள்ளைகளிடம் கேட்டறிந்து 1948இல் வெளியிட்ட கட்டுரை, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குச் சாவு என்பது ஒரு பிரிவு, ஒரு பயணம், ஒரு தூக்கம் என்றது. அதிலிருந்து திரும்பி வரலாம். 1984இல் ஸ்பீஸ், பிரென்ட் இருவரும் அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, சாவு பற்றிய கருத்தை மூன்றாகப் பிரித்தார்கள்: செத்தவர் திரும்புவதில்லை, செத்த உடம்பு எதையும் செய்வதில்லை, சாவு எல்லாருக்கும் உண்டு. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இவை ஐந்துக்கும் ஏழுக்கும் இடையில் பிடிபடுகின்றன. எல்லா ஊருக்கும் எல்லாக் காலத்துக்கும் இந்த வயதுக்கோடு ஒன்றாகவே இருக்கும் என்று நான் வாதிடவில்லை. வீட்டில் ஒரு சாவைப் பார்த்த பிள்ளை முந்திக்கொள்ளும். ஆனால் நாலு வயதும் எட்டு வயதும் ஒரே அறையில் நின்றாலும் ஒரே கண்காட்சியைப் பார்ப்பதில்லை என்ற அளவில் இது போதும்.

தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் தனியாக ஒரு சிக்கல் உண்டு. சாவைச் சொல்ல நம்மிடம் உள்ள மங்கல வழக்குகளில் பாதி, பயணச் சொற்கள். ‘போயிட்டார்’, ‘சாமிகிட்டப் போயிட்டாங்க’, ‘போய்ச் சேர்ந்துட்டார்’. வீட்டில் தாத்தாவின் படத்துக்கு முன்னால் இவை உறுத்துவதில்லை. ஒரு கப்பலின் கதையைச் சொல்லும் இடத்தில் உறுத்தும். நியூயார்க்குக்குப் புறப்பட்ட ஒருவரைப் பற்றி நாலு வயதுப் பிள்ளையிடம் ‘போய்ச் சேர்ந்துட்டார்’ என்றால் அது என்ன விளங்கிக்கொள்ளும்? கப்பல் கரைக்கு வந்துவிட்டது என்றுதான். லண்டனிலோ டொரன்டோவிலோ பிள்ளையைக் கைப்பிடித்து இந்த அறைகளுக்குள் நடத்திச் செல்லும் தமிழ்த் தாய் தகப்பன் கூச்சப்படாமல் ‘செத்துட்டாங்க’ என்ற சொல்லையே பயன்படுத்துவது நல்லது. பிள்ளைக்கு அது கொடிய சொல்லாகப் படுவதில்லை. கொடுமை நமக்குப் படுவது.

சீட்டுக்கு வருவோம். அதை ஆதரிப்பவர்களின் வாதம் எளிதில் தள்ளக்கூடியதன்று. இறந்தவர் ஏறத்தாழ 1,500 பேர் என்ற எண் யாரையும் தொடுவதில்லை. ஒரு பெயர் தொடும். பிள்ளைகள் இயல்பிலேயே வேடம் போடுபவர்கள், அவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வழி ஏது என்றும் கேட்பார்கள். இந்த இரண்டாவது பாதிதான் தடுக்கி விழுகிறது. பிள்ளைகள் சாவை விளையாடுவதில்லையா? தெருவில் தினமும் விளையாடுகிறார்கள். ‘டிஷ்யூம்’ என்றதும் ஒருவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவான், பத்து எண்ணுவதற்குள் எழுந்து ‘இப்ப நான் போலீஸ்’ என்பான். விளையாட்டில் குச்சி குதிரையாகிறது என்று உளவியலாளர் வைகாட்ஸ்கி சொன்னதில் முக்கியமானது, அதைக் குதிரையாக்குவதும் மறுபடி குச்சியாக்குவதும் பிள்ளையின் கையில் இருக்கிறது என்பதே. கண்காட்சிச் சீட்டில் அந்தக் கடிவாளம் பிள்ளையிடம் இல்லை. நூறாண்டுக்கு முன் முடிந்துபோன ஒருவரின் வாழ்க்கையை அதன் பெயரில் எழுதிக் கொடுத்துவிட்டு, கடைசி அறையில் தீர்ப்பை வாசிக்கிறார்கள். எழுந்து நிற்க வழியில்லை.

விளைவு இரண்டில் ஒன்றாகவே இருக்கும் என்று கருதுகிறேன். சாவு திரும்பி வரக்கூடியது என்று எண்ணும் வயதில் அந்தச் சுவர்ப்பட்டியல் ஒரு பரிசுச்சீட்டு முடிவு: ‘அக்கா ஜெயிச்சுட்டா, நான் தோத்துட்டேன், எனக்கு வேற சீட்டு வேணும்.’ இறந்துபோன ஒரு மனிதர் இங்கே தோற்ற சீட்டாகச் சுருங்கிவிடுகிறார். திரும்பி வராது என்பது பிடிபடத் தொடங்கிய ஆறேழு வயதில், ‘நான்’ என்று சொல்லிக்கொண்டு நடந்த ஒருவர் செத்திருப்பது இரவில் படுக்கைக்கு வரும். முதலாவது இறந்தவருக்கு இழுக்கு, இரண்டாவது பிள்ளைக்கு. (சாயும் டைட்டானிக்கின் வடிவிலேயே காற்றடைத்த சறுக்குமரம் செய்து கொண்டாட்டங்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். சீட்டு அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் இரண்டும் ஒரே தெருவில்தான் குடியிருக்கின்றன.)

இதே உத்தியை வேறொரு நிறுவனம் எப்படிக் கையாள்கிறது என்று பார்க்கலாம். வாஷிங்டனில் 1993இல் திறந்த அமெரிக்க ஹோலோகாஸ்ட் நினைவு அருங்காட்சியகத்திலும் ஒவ்வொரு பார்வையாளருக்கும் உண்மையான ஒருவரின் அடையாள அட்டை தரும் வழக்கம் உண்டு. ஆனால் அங்கே முதன்மைக் கண்காட்சிக்கு 11 வயதும் அதற்கு மேலும் என்ற பரிந்துரை இருக்கிறது. சிறுவர்களுக்கெனத் தனியாக, டேனியல் என்ற கற்பனைச் சிறுவன் சொல்வதாக அமைந்த காட்சியையும் வைத்தார்கள். இரண்டு துயரங்களையும் ஒரே தட்டில் வைக்க முடியாதுதான். இருந்தும் அட்டையின் கனத்தை உணர்ந்தவர்கள் அதற்கு ஒரு வயதை வைத்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

டைட்டானிக் கண்காட்சிகளில் தொட்டுப் பார்க்கவென்று ஓர் ஐஸ் சுவர் வைத்திருப்பார்கள்; பிள்ளையை அதைத் தொடவிடுவதில் எனக்கு மறுப்பில்லை. கப்பல் மூழ்கிய இரவில் கடல்நீர் உறைநிலைக்கும் கீழே, ஏறத்தாழ மைனஸ் 2 டிகிரி. குளிர் குளிர்தான், அது யாராகவும் நடிக்கச் சொல்வதில்லை. பிள்ளை கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும்போது எந்த விளக்கப் பலகையும் சொல்லாததைத் தெரிந்துகொள்கிறது.

காலணி வேறு வகையில் வேலை செய்கிறது. அதன் முன் நிற்கும் பிள்ளை யாருடைய பெயரையும் சுமக்கவில்லை. அது தன் பெயரோடு, தன் காலோடு நிற்கிறது. எந்தப் பிள்ளையும் முதலில் செய்வது அளவு பார்ப்பதுதான்: ‘எனக்குப் பத்தாது. தம்பிக்குப் பத்தும்.’ வேடத்துக்கும் சாட்சிக்கும் உள்ள தொலைவு அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

அளவு பார்ப்பது பிள்ளைத்தனம் என்று நினைத்தால், இந்தக் காலணியின் பிற்கதை அதைப் பொய்யாக்குகிறது. அடக்கம் செய்த காலத்தில் அந்தக் குழந்தை யோஸ்டா போல்சன் என்ற ஸ்வீடன் நாட்டு இரண்டு வயதுச் சிறுவன் என்று பலரும் நம்பினார்கள். 2001இல் கல்லறையைத் திறந்தபோது கிடைத்தவை ஒரு சிறு எலும்புத் துண்டும் மூன்று பற்களும்தாம். அவற்றை வைத்து 2002இல் அறிவித்த பெயர் எய்னோ பனுலா; ஃபின்லாந்துக் குழந்தை, பதின்மூன்று மாதம். அந்த முடிவோடு ஒத்துவராமல் நின்றது இந்தக் காலணி. பதின்மூன்று மாதக் குழந்தையின் காலுக்கு இது பெரிது. மரபணுச் சோதனையை மறுபடி நுணுக்கமாகச் செய்தார்கள். 2007இல் பெயர் மாறியது: சிட்னி லெஸ்லி குட்வின், இங்கிலாந்து, பத்தொன்பது மாதம். தாய், தகப்பன், ஆறு பிள்ளைகள் என எட்டுப் பேராக மூன்றாம் வகுப்பில் ஏறிய அந்தக் குடும்பத்தில் ஒருவரும் பிழைக்கவில்லை.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தைய வாரம் செருப்புக் கடையில் அம்மா குனிந்து, ஷூவின் நுனியைக் கட்டைவிரலால் அழுத்தி, ‘விரல் இடிக்குதா?’ என்று கேட்பாளே, ஆய்வுக்கூடத்தின் முடிவைக் கேள்விக்குள்ளாக்கியது அதே அறிவுதான். ஐந்து வயதுப் பிள்ளைக்கு மரபணு விளங்காது. காலணி பெரிது என்பதும், அதனால் பெயர் தப்பு என்பதும் விளங்கும். பெரியவர்கள் தப்பாகச் சொல்லிவிட்டுத் திருத்திக்கொண்டார்கள் என்பது இன்னும் நன்றாகவே விளங்கும். வரலாறு என்பது சான்றோடு மல்லுக்கட்டுவது என்ற பாடத்தை இந்த வயதுக்கு இவ்வளவு எளிதாகக் கொண்டுவரும் வேறு பொருள் டைட்டானிக் தொடர்பில் எனக்குத் தெரியவில்லை. 1985இல் சிதைவு கண்டுபிடிக்கப்பட்ட பின் ஏறத்தாழ 3,800 மீட்டர் ஆழத்திலிருந்து ஆயிரக்கணக்கில் எடுத்து வந்த தட்டு, கரண்டி, வாசனைத் திரவியக் குப்பிகள் எல்லாம் இருக்கட்டும். அவற்றை எடுத்தது முறையா என்ற வழக்கு தனி. இந்தக் காலணி அந்த வழக்குக்கு வெளியே, ஒரு காவலரின் இழுப்பறை வழியாக வந்தது.

ஓர் எதிர்வாதத்துக்கு இங்கே பதில் சொல்லியாக வேண்டும். இறந்த குழந்தையின் காலணி சீட்டைவிடக் கொடுமையான காட்சியல்லவா? பெரியவர்களுக்கு ஆம். அதன் முன் கண் கலங்குவது தாயும் தகப்பனும்தான், பிள்ளை நிமிர்ந்து அவர்கள் முகத்தைப் பார்க்கும். அருங்காட்சியகத்தில் கற்பது பெரும்பகுதி உடன் வந்தவர்களோடான பேச்சில்தான் நடக்கிறது என்று அருங்காட்சியகக் கல்வி ஆய்வாளர்கள் ஃபாக், டியர்கிங் இருவரும் நெடுங்காலமாக எழுதிவருகிறார்கள். எழுதப்படிக்கத் தெரியாத பார்வையாளருக்கு விளக்கப் பலகை என்பது அம்மாவின் முகமே. அந்த முகம் கலங்குவதில் தவறில்லை. ஏன் கலங்குகிறது என்று சொல்லத் தெரிந்திருந்தால் போதும். சொல்வதற்குப் பொருளும் அங்கேயே இருக்கிறது: யாரென்று தெரியாத பிள்ளைக்குக் கப்பல்காரர்கள் கல் வைத்தார்கள், ஒருவர் காலணியை எரிக்காமல் வைத்தார், நூறாண்டு நெருங்கும்போதும் பெயரைத் தேடினார்கள். சீட்டின் கடைசி அறையில் பிழைத்தார், இறந்தார் என்ற இரண்டு சொல்லுக்கு மேல் பிள்ளையிடம் சொல்ல ஒன்றுமில்லை.

பத்து வயதுக்கு மேல் நிலைமை மாறுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்போது சீட்டு ஒரு கணக்கைத் திறக்கும். லார்டு மெர்சி தலைமையிலான பிரிட்டிஷ் விசாரணையின் அட்டவணைப்படி முதல் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் இருந்த 30 பிள்ளைகளும் பிழைத்தார்கள். மூன்றாம் வகுப்பில் 79 பிள்ளைகளில் 27 பேர் மட்டும். (அந்த அட்டவணையும் முழுச் சரியில்லை. முதல் வகுப்பிலிருந்த லொரேன் அலிசன் என்ற இரண்டு வயதுச் சிறுமி இறந்தாள்.) வீட்டில் நாலு பேர் கையிலும் வெவ்வேறு வகுப்புச் சீட்டுகள் இருந்து, ஒரு பன்னிரண்டு வயதுப் பெண் அவற்றை வரிசையாக அடுக்கி ‘ஏன் கீழ்த்தளத்துக்காரங்க மட்டும்?’ என்று கேட்டால், அந்தச் சீட்டு தன் வேலையைச் செய்துவிட்டது. அங்கே அது வேடமாக இல்லை, சான்றாக மாறிவிட்டது.

பிள்ளையை அந்தப் பக்கமே அழைத்துப் போகாதே என்பவர்களுக்கு ஒரு வலுவான சாட்சி உண்டு. ரூத் பெக்கர். அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூரில் லூத்தரன் மிஷனரிக் குடும்பத்தில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில், நோயுற்ற சின்னத் தம்பியோடும் தங்கையோடும் தாயோடும் குண்டூரிலிருந்து கிளம்பி டைட்டானிக்கில் ஏறினார். தாயும் தம்பி தங்கையும் 11ஆம் படகில் போக, இடமில்லாமல் இவர் மட்டும் 13ஆம் படகில் ஏறினார். நால்வரும் பிழைத்தார்கள். பின்னாளில் பள்ளி ஆசிரியையான ரூத், தன் பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தவரை தான் அந்தக் கப்பலில் இருந்ததையே அவர்களிடம் சொல்லவில்லை. ஓர் ஆசிரியையே மறைத்தார் என்றால் அதில் ஞானம் இருக்காதா என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் அவர் மறைத்தது தன் சொந்த இரவை. அதைச் சொல்லவும் சொல்லாமலிருக்கவும் உரிமை அவருக்கு மட்டுமே உண்டு. நுழைவுச்சீட்டு வாங்கி உள்ளே போகும் நமக்கு அந்த உரிமையும் இல்லை, அந்த இரவும் இல்லை. அவர் தாமாகப் பேசத் தொடங்கியது முதுமையில். 90 வயதில், 1990இல் இறந்தார். அவருடைய சாம்பல் 1994இல் கப்பல் கிடக்கும் இடத்துக்கு மேலே கடலில் தூவப்பட்டது.

கண்காட்சி நடத்துபவர்களிடம் வைக்க ஒரு கோரிக்கை இருக்கிறது, செலவில்லாதது. வாசலில் அட்டையை நீட்டும்போது பிள்ளையின் வயதைக் கேளுங்கள். பத்துக்குக் கீழ் என்றால் பெயர் இல்லாத சீட்டு ஒன்று கொடுங்கள், துளை போட்டுக்கொள்ள. உள்ளே எங்காவது தரையில், பத்தொன்பது மாதக் குழந்தையின் காலடி ஒன்றைச் சரியான அளவில் வரைந்து வையுங்கள். பிள்ளை தன் காலை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். கேள்வியை அது கேட்கும்.