பொருள் சொன்ன சாகிபு

ஒரு நூலுக்கு உரை எழுதுவதால் அதன் பெருமை குறைந்துவிடுமா? திருக்குறளுக்குப் பதின்மர் உரை கண்டனர் என்பது நம் மரபு. அதனால் குறள் சிறுத்துவிடவில்லை. எனினும், திருக்குர்ஆனுக்குத் தமிழில் விரிவுரை எழுதப் புகுந்த ஒருவர் தம் சமூகத்துக்குள்ளேயே கடும் எதிர்ப்பைத் தாங்க நேர்ந்தது. அவரே பா. தாவூத் ஷா.

தஞ்சை மாவட்டத்துக் கீழ்மாந்தூரில் 1885இல் பிறந்தவர் அவர். பட்டம் பெற்று, சப் மாஜிஸ்திரேட்டாகப் பணியாற்றி, 1921இல் அப்பதவியைத் துறந்தார். 1922இல் இங்கிலாந்து சென்று வோக்கிங் பள்ளிவாசலைச் சார்ந்து சமயப் பணி புரிந்தார். தாயகம் திரும்பியபின் 'தாருல் இஸ்லாம்' இதழை நெடுங்காலம் நடத்தினார். கம்பனில் கொண்ட புலமையால் 'கம்பராமாயண சாகிபு' என்றே அவரை அழைத்தனர்.

அவருடைய வாதம் எளியது. சிந்திக்குமாறு குர்ஆனே பன்முறை அழைக்கிறது. பொருள் விளங்காதவன் எதைச் சிந்திப்பான்? ஆகவே விளக்கம் தாய்மொழியில் வேண்டும். பெண்களும் கற்க வேண்டும் என்றார்.

எதிர்த்தவர்களின் அச்சத்தையும் நாம் எள்ளிவிடலாகாது. மனிதனின் உரை இறைவாக்கின் இடத்தைப் பிடித்துவிடுமோ என்று அவர்கள் அஞ்சினர். ஆனால் உரை வேறு, மூலம் வேறு. மேலும், தமிழில் எழுதியவன் தன் பிழையையும் தமிழர் அனைவர் முன்னும் வைத்துவிடுகிறான். கடைக்காரரும் உழவரும்கூட அவனை மறுத்துக் கேட்கலாம். அந்த உரிமையே தாவூத் ஷாவின் கொடை என்பது என் துணிபு. பின்னர் ஆ. கா. அப்துல் ஹமீது பாகவி முழுக் குர்ஆனையும் முதன்முதலாகத் தமிழில் பெயர்த்தளித்தார். தாவூத் ஷா 1969இல் மறைந்தார்.

பதுளையில் தமிழ் கற்பிக்கும் எனக்கு இது அயல் வீட்டுக் கதையன்று. நம் தோட்டங்களில் காமன் கூத்து நடக்கும்போது, ரதி செய்தது சரியா, சிவன் செய்தது சரியா என்று லயத்து மக்கள் விடியும்வரை வாதிடுவர். அதே மக்கள் கோயிலில் வடமொழி மந்திரம் ஒலிக்கையில் கைகூப்பி நிற்பதோடு அமைகின்றனர். பக்தி இரண்டிடத்தும் உண்டு. கேள்வி, விளங்கிய மொழியில்தான் பிறக்கிறது.

பஸார் வீதிக் கடைகளிலும் தேயிலை மலைகளிலும் வழங்குவது ஒரே தமிழ். அத்தமிழில் ஒரு வேதத்தின் பொருளைத் தேடிய சாகிபு, நம் எல்லோருக்கும் உரையாசிரியரே.