கண் மருத்துவர்கள் கண்ட எழுத்துச் சிக்கல்

1896 நவம்பர் 7ஆம் தேதி பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு சிறு குறிப்பு வெளியானது. எழுதியவர் இங்கிலாந்தின் சீஃபோர்டு ஊரைச் சேர்ந்த மருத்துவர் பிரிங்கிள் மார்கன். பெர்சி எஃப். என்ற 14 வயதுச் சிறுவனைப் பற்றிய குறிப்பு அது. ஏழு வயதிலிருந்தே பள்ளியிலும் வீட்டு ஆசிரியர்களிடமும் படித்துவந்த பையன், விளையாட்டிலும் சுறுசுறுப்பு. ஆனால் வாசிக்க வரவில்லை. தன் பெயரையே எழுத்து இடம் மாற்றி ‘பிரெசி’ என்று எழுதினான். சுட்டிக்காட்டும்வரை தவறு அவன் கண்ணில் படவே இல்லை.

அதே பையன் 785852017 என்ற எண்ணைத் தடங்கலின்றி வாசித்தான். 749ஐ 867ஆல் பெருக்கி மளமளவென்று சரியான விடை சொன்னான். எல்லாப் பாடத்தையும் வாய்மொழியாகவே நடத்தினால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதையும் மார்கன் பதிவு செய்தார்.

பார்வையில் கோளாறில்லை, புத்தியிலும் குறைவில்லை. இது பிறவியிலேயே வந்த ‘சொற்குருடு’ என்று மார்கன் முடிவு கட்டினார்.

சொற்குருடு என்ற பெயர் அதற்கு முன்பே மருத்துவர்களிடம் புழங்கியது. 1877இல் ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் குஸ்மால் அதைப் பயன்படுத்தினார். 1887இல் ஸ்டுட்கார்ட் கண் மருத்துவர் ருடால்ஃப் பெர்லின் தம் நூலில் ‘டிஸ்லெக்சியா’ என்ற சொல்லைக் கையாண்டார். அவர்கள் பார்த்ததெல்லாம் மூளை பாதிக்கப்பட்டு, தெரிந்த வாசிப்பை இழந்த பெரியவர்களை.

இத்தகைய நோயாளிகளில் புகழ்பெற்றவர், பாரிஸில் ஜூல் டெஜெரின் ஆராய்ந்த துணி வணிகர். 1887 அக்டோபரில் திடீரென்று அவருக்கு வாசிக்க முடியாமல் போயிற்று. பேச்சு தெளிவாக இருந்தது, எழுதவும் முடிந்தது. ஆனால் தன் கையால் எழுதியதைத் தானே வாசிக்க முடியவில்லை. கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று முதலில் கண் மருத்துவரைத்தான் நாடினார். 1892இல் அவர் இறந்த பிறகு மூளையைப் பரிசோதித்த டெஜெரின், இடப்பக்கப் பின்பகுதியில் பாதிப்பு இருந்ததைக் கண்டறிந்தார்.

1895இல் கிளாஸ்கோ கண் மருத்துவர் ஜேம்ஸ் ஹின்ஷெல்வுட், இதேபோல் வாசிப்பை இழந்த மொழி ஆசிரியர் ஒருவரைப் பற்றி லான்செட் இதழில் எழுதினார். மார்கனின் கவனத்தை இந்தப் பக்கம் திருப்பியது அந்தக் கட்டுரைதான். பிறகு ஹின்ஷெல்வுட்டும் வாசிக்க வராத பிள்ளைகளைத் தேடி ஆராய்ந்தார். 1907இல் ஒரே குடும்பத்து நான்கு சகோதரர்களைப் பற்றி எழுதி, இது வழிவழியாக வரக்கூடியது என்பதற்குச் சான்று தந்தார். இத்தகைய பிள்ளைகளை மந்தபுத்திக்காரர்கள் என்று ஒதுக்கக்கூடாது, தனித்தனியே உட்காரவைத்துச் சொல்லித்தர வேண்டும் என்று வலியுறுத்தினார்.

இந்தப் பதிவுகளின் அருமை, பிள்ளையால் முடியாததோடு முடிந்ததையும் எழுதிவைத்ததில் இருக்கிறது. எண்ணை வாசித்தான், பெருக்கினான், கேட்டதைப் புரிந்துகொண்டான் என்ற வரிகள்தாம் பெர்சியை ‘மக்கு’ என்ற பெயரிலிருந்து காப்பாற்றின. ஆனால் மருத்துவர் வீட்டுப் படியேற வசதியும் அக்கறையும் உள்ள பெற்றோர் வேண்டும். ஏழைப் பிள்ளை பள்ளியில் அடி வாங்கி, படிப்பை விட்டு வேலைக்குப் போயிருந்தால் அவனைப் பற்றி எந்த இதழில் குறிப்பு வந்திருக்கும்?

அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் இந்த நிலை சற்று மாறியது. 1925இல் நரம்பியல் மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டன் நடமாடும் மருத்துவக் குழுவுடன் கிரீன் கவுண்டிக்குப் போய், படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளை அனுப்பும்படி ஆசிரியர்களிடம் கேட்டார். வந்தவர்களில் சிலருக்கு அறிவு நன்றாகவே இருந்தது. வாசிப்பு மட்டும் தடுமாறியது. பின்னர் அவரோடு பணியாற்றிய அன்னா கில்லிங்ஹாம், பெஸ்ஸி ஸ்டில்மேனுடன் சேர்ந்து 1930களில் ஆசிரியர்களுக்கான கையேட்டை உருவாக்கினார். எழுத்தைக் கண்ணால் பார்த்து, ஒலியைக் காதால் கேட்டு வாயால் சொல்லி, கையால் எழுதிப் பழகும் முறை அது. அதன் வழிவந்த பாடமுறைகள் இன்றும் வகுப்பறைகளில் நடக்கின்றன.